அறிக்கையின் முதற்பக்கம்: வணிக ஆலோசகரின் எழுத்தும் அதன் தெளிவும்

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் சிக்கலை வெளியிலிருந்து வந்து ஆராய்ந்து, செய்யத்தக்கது இதுவென எழுத்தில் தருபவர் வணிக ஆலோசகர். அவர் தரும் அறிக்கைக்குக் கட்டணம் உண்டு, காலக்கெடு உண்டு, அதனைப் படித்து முடிவெடுக்க வேண்டிய ஒருவர் உண்டு. இம்மூன்றும் சேர்ந்தே அவ்வெழுத்தை ஏனைய உரைநடை வகைகளினின்று வேறுபடுத்துகின்றன. கடிதம், கட்டுரை, ஆய்வேடு ஆகியவற்றை எழுதும் முறை பற்றித் தமிழில் நூல்கள் பல வெளிவந்துள்ளன. வணிக அறிக்கை பற்றிய பேச்சோ நம் துறைகளில் அரிதாகவே எழுகின்றது. எனினும் நம் மாணவர்கள் பட்டம் பெற்றபின் வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் பணியாற்றுகின்றனர். அங்கு அவர்கள் ஆண்டுதோறும் எழுதும் பக்கங்கள் அவர்தம் ஆய்வேட்டின் பக்கங்களைவிடப் பன்மடங்கு மிகுதி.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுவது இப்பொருளுக்கு ஏற்றது. ஆலோசனை அறிக்கைகள் விளங்காமற்போவதற்கு மொழிப்பிழையோ சொல்வளக் குறைவோ தலையாய காரணம் அன்று. வாசகர் நாடி வந்த விடையை அவர் சென்றடையாத இடத்தில் வைப்பதே காரணம். சொல்லும் தொடரும் பிறகு வருவன. அவற்றையும் இக்கட்டுரை தொட்டுச் செல்லும். ஆயினும் வரிசைமுறையே இங்கு முதற்பொருள்.

ஆய்வேட்டுப் பழக்கம்

பல்கலைக்கழகத்தில் பயின்றவர் எவரும் முதலில் எழுதக் கற்கும் நெடிய எழுத்து ஆய்வேடே. அதன் அமைப்பு நாம் நன்கறிந்தது: முன்னுரை, ஆய்வு நோக்கம், முன்னாய்வுகள், ஆய்வு நெறிமுறை, தரவுப் பகுப்பாய்வு, கண்டறிந்தவை, முடிவுரை. இவ்வரிசைக்கு நியாயம் உண்டு. ஆய்வேட்டைப் படிப்பவர் தேர்வாளர். முடிவைக் காட்டிலும் அம்முடிவுக்கு மாணவர் வந்த வழியே அவருக்கு முதன்மையானது. வழி பிழையெனின் முடிவை அவர் ஏற்கமாட்டார். ஆதலால் வழியை முன்னும் முடிவைப் பின்னும் வைத்தல் அங்கு முறையே.

வணிக அறிக்கையின் வாசகர் தேர்வாளர் அல்லர். அவர் வாரியக் கூட்டத்தில் ஒன்றை ஏற்கவோ மறுக்கவோ கடமைப்பட்டவர். அவர் மேசையில் வேறு கோப்புகளும் காத்திருக்கின்றன. ஆலோசகர் எத்தனை பேரை நேர்கண்டார், எவ்வெக் கணக்கேடுகளைப் புரட்டினார் என்பதை அறிய அவருக்கு ஆவல் இல்லை. ஐயம் எழுந்தால் மட்டுமே அவற்றைத் தேடுவார். இவ்வேறுபாட்டை உணராத எழுத்தாளர், தாம் உழைத்த வரிசையிலேயே வாசகரையும் உழைக்க வைக்கிறார்.

இதனை நாம் பிறர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் மூன்று மளிகைக் கடைகளைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தருமாறு நம்மைக் கேட்டுக்கொண்டது. மூன்றாம் கடை இருந்த குடியிருப்புப் பகுதியில் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டிருந்தது. நாம் எழுதிய அறிக்கை 62 பக்கம். மூன்றாம் கடையை மூட வேண்டும் என்ற பரிந்துரை 41ஆம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் இருந்தது. கூட்டத்தில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் விளக்கினோம். இறுதியில் தலைவர், வயதில் மூத்தவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, கடையை மூடணுமா வேணாமா?” என்று கேட்டார். நாம் எழுதவில்லை என்று அவர் குறைகூறவில்லை. அதுவரை அவருக்கு விடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நேரம் கடந்துவிட்டதால் பொருள் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒத்திவைப்பின் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

விடை முதலில்

ஆலோசனைத் தொழிலில் இச்சிக்கலை முறைப்படி ஆராய்ந்தவருள் முதன்மையானவர் பார்பரா மிண்டோ. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற இவர் 1963இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தார். முதுநிலை வணிக மேலாண்மைப் பட்டம் பெற்று அந்நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதற்பெண்மணி அவரே. 1966இல் இலண்டன் அலுவலகத்திற்கு மாற்றப்பட்டார். ஐரோப்பிய நாடுகளில் பணிபுரிந்த ஆலோசகர் பலர்க்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. அவர்தம் அறிக்கைகளைத் திருத்த உதவுவது மிண்டோவின் பணி. திருத்தத் தொடங்கியபின் அவர் கண்டது வேறு. இலக்கணப் பிழைகளை நீக்கினாலும் அறிக்கை விளங்கவில்லை. எண்ணங்கள் அடுக்கப்பட்ட முறையே குலைந்திருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் அறிக்கைகளிலும் அதே குலைவு இருந்தது. மும்மொழிச் சூழலில் எழுதும் நமக்கு இக்கண்டறிவு ஆறுதலும் எச்சரிக்கையும் ஆகும். நம் மாணவர் ஒருவரின் அறிக்கை விளங்கவில்லையெனில், அவர்தம் ஆங்கிலத்தையோ மலாயையோ தமிழையோ நாம் உடனே குற்றஞ்சாட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் அங்கு இருப்பதில்லை.

1973இல் மெக்கின்சியை விட்டு விலகி, எழுத்துமுறையைக் கற்பிப்பதையே தொழிலாக மேற்கொண்ட மிண்டோ, தம் முறைக்குப் ‘பிரமிடு நெறி’ எனப் பெயரிட்டார். அதன் சாரம் எளிது. உச்சியில் ஒரே ஒரு கருத்து, அதுவே விடை. அதன்கீழ், ‘ஏன்’ என்றோ ‘எவ்வாறு’ என்றோ வாசகர் கேட்கக்கூடிய வினாவுக்கு மறுமொழியாகச் சில கருத்துகள். அவை ஒவ்வொன்றின்கீழும் அதனைத் தாங்கும் சான்றுகள். எந்த நிலையில் வாசகர் படிப்பதை நிறுத்தினாலும் அதுவரை படித்தது முழுமையாக இருக்கும். ஐயமுற்றவர் கீழிறங்கலாம், ஒப்புக்கொண்டவர் அங்கேயே நிற்கலாம்.

உச்சிக் கருத்தைத் திடீரெனக் கூறினால் வாசகர் திகைப்பார் அல்லரோ? அதற்காகவே சிறியதொரு தோற்றுவாயை மிண்டோ வகுத்தார். வாசகர் முன்பே அறிந்து ஒப்புக்கொள்ளும் நிலைமை, அந்நிலைமையைக் குலைத்த சிக்கல், அதனால் எழும் வினா, அதற்கு விடை. நம் கூட்டுறவுச் சங்கத்திற்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சங்கம் மூன்று கடைகளை நடத்தி வருகிறது. பேரங்காடி வந்தபின் மூன்றாம் கடை இழப்பில் இயங்குகிறது. அதனைத் தொடர்வதா, மூடுவதா? மூடுவதே நன்று. நான்கு தொடர்கள். இவற்றை எழுத நமக்கு 41 பக்கங்கள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இம்முறையின் கடினம் எழுதுவதில் இல்லை. உச்சியில் வைக்க ஒரே ஒரு விடை வேண்டும். அதனை எழுத அமர்வதற்கு முன்பே ஆலோசகர் முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்யாதவரே பக்கங்களை நிரப்புகிறார். நாமும் அன்று, உண்மையைச் சொல்வதானால், மூடுமாறு கூறும் துணிவை எழுதிக்கொண்டே தேடிக்கொண்டிருந்தோம்.

அடிவரியில் இருந்த உண்மை

விடையை இடம் மாற்றி வைப்பதால் நேரும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, எரிபொருட் கலத்தின் வெளிப்புறத்திலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் வானில் இருக்கையிலேயே, தாக்கத்தின் விளைவைக் கணிக்கும் பொறுப்பு ஒரு பொறியியல் குழுவுக்குத் தரப்பட்டது. போயிங் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய பகுப்பாய்வு ஜனவரி 24ஆம் நாள் நாசா மேலாளர்களின் கவனத்திற்குச் சென்றது. அது கட்டுரையாக எழுதப்படவில்லை. பவர்பாயிண்ட் படவில்லைகளாக அமைந்தது. பொறியாளர் குழு தெரிவிக்க, மேலாளர் முடிவெடுக்கும் இவ்வமைப்பு ஆலோசகர், வாடிக்கையாளர் உறவையே ஒத்தது.

அவற்றுள் ஒரு படவில்லை பின்னர்ப் புகழ்பெற்றது; அதனை ஆராய்ந்தவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த எட்வர்ட் டஃப்டி. அதன் தலைப்பைப் படிப்பவர், வெப்பக் காப்பு ஓடுகளைப் பற்றிய சோதனைத் தரவுகள் அச்சத்திற்கு இடமில்லை என்று காட்டுவதாகவே எண்ணுவர். தலைப்பின்கீழ் உட்பிரிவுகளும் அவற்றின் உட்பிரிவுகளுமாகச் செய்திகள் படிப்படியாகச் சிறுத்துச் செல்கின்றன. ‘குறிப்பிடத்தக்க’ எனப் பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல் ஐந்து இடங்களில் வருகிறது. ஒவ்வோரிடத்திலும் அதன் அளவு வேறு, பொருள் வேறு. யாவற்றுக்கும் கீழே, மிகச் சிறிய வரியில் இருந்தது உண்மை: சோதனையில் பயன்படுத்திய துண்டின் கனஅளவு 3 கன அங்குலம், இறக்கையைத் தாக்கியதாகக் கணிக்கப்பட்டதோ 1920 கன அங்குலம். ஏறத்தாழ 640 மடங்கு. அதாவது, கையிலிருந்த சோதனைகளைக் கொண்டு இத்தாக்கத்தைப் பற்றி எதுவும் உறுதியாகக் கூற இயலாது என்பதே அப்பக்கம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. தலைப்போ அதற்கு நேர்மாறான மனநிலையை ஊட்டியது.

பிப்ரவரி 1ஆம் நாள் விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதைந்தது. ஹரியானா மாநிலத்தின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். விபத்தை ஆராய்ந்த வாரியம் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் டஃப்டியின் ஆய்வை எடுத்தாண்டு, பொறியியல் கட்டுரைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் குறைகூறியது. அப்படவில்லை ஒன்றே விபத்துக்குக் காரணம் எனக் கூறுவது மிகை. நிறுவனப் பண்பாடு உட்பட வேறு காரணங்களை வாரியம் விரிவாகவே காட்டியுள்ளது. நாம் இங்குக் கருதுவது ஒன்றே: அப்பொறியாளர்கள் பொய் எழுதவில்லை. உண்மை பக்கத்தில் இருந்தது. அடிவரியில் இருந்தது.

நன்னூலார் வகுத்த குற்றங்கள்

மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் எழுத்துத் தெளிவைப் பற்றிப் பேசியனவற்றுள் சில, நமக்குப் புதியன அல்ல. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் வேண்டிய பத்து அழகுகளையும் தொகுத்துள்ளார். அவர் கருதியது இலக்கண நூல். வணிக அறிக்கை அன்று. ஆயினும் அப்பெயர்களை ஆலோசனை அறிக்கையின்மேல் வைத்துப் பார்க்கையில் சில வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன.

ஆலோசகரிடம் மிகுதியாகக் காணப்படுவது ‘மற்றொன்று விரித்தல்’. கேட்கப்பட்டது கடையைப் பற்றி. அறிக்கையோ நாட்டின் சில்லறை வணிக வரலாற்றில் தொடங்குகிறது. கட்டணத்திற்கு ஈடாகக் கனம் காட்ட வேண்டும் என்னும் எண்ணமே இதற்கு வேர். ‘சென்று தேய்ந்து இறுதல்’ மற்றொன்று: முற்பகுதியில் விரிவாக எழுதிவிட்டு, காலக்கெடு நெருங்கியதும் பரிந்துரைகளை அரைப்பக்கத்தில் முடித்தல். விடையை இறுதியில் வைப்பவர்க்கு இக்குற்றம் நேர்வது இயல்பு. எழுதுபவரின் களைப்பும் படிப்பவரின் களைப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒரே பொருளை ஓரிடத்தில் ‘வருவாய்’ என்றும் மற்றோரிடத்தில் ‘வரவு’ என்றும் பிறிதோரிடத்தில் ‘விற்பனை’ என்றும் எழுதுவது ‘மயங்க வைத்தல்’. கவிதைக்கு அழகாகும் சொல்மாற்று அறிக்கைக்கு ஊறு. படிப்பவர் அவற்றை மூன்று தொகைகள் என்றே எண்ணுவார்.

‘குன்றக் கூறல்’ என்பதைத் தனியே கருத வேண்டும். சுருக்கமே தெளிவு என்று இக்காலத்தார் கொள்கின்றனர். பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் 1940 ஆகஸ்டில், போரின் நடுவே, அரசுத் துறைகளின் அறிக்கைகள் நீண்டுவிட்டன எனக் குறிப்பு எழுதி, முதன்மைச் செய்திகளைச் சிறு பத்திகளில் தருமாறும் விரிவான பகுப்பாய்வைப் பின்னிணைப்பில் வைக்குமாறும் பணித்தார். அவர் பகுப்பாய்வை நீக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. நன்னூலாரும் சுருங்கச் சொல்லுதலை விளங்க வைத்தலோடு சேர்த்தே அழகாக எண்ணினார். படவில்லையின் அரைகுறைத் தொடர்கள் சுருங்கியவை. ஆனால் எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாத அளவுக்குக் குன்றியவை.

தமிழ்த் தொடரின் இயல்பு

தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும். ஒருவர் என்ன செய்தார் என்பதைத் தொடர் முடியும்வரை வாசகர் அறிய இயலாது. ஆங்கிலத்தில் நெடுந்தொடர் எழுதினால் வாசகர் சலிப்பார். தமிழில் எழுதினால் அவர் சுமந்து நிற்பார். எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் வசதி நம் மொழியின் வளம் என்பதில் ஐயமில்லை. அவ்வளமே அறிக்கையில் பொறியாகிறது.

நம் பழைய அறிக்கையிலிருந்து ஒரு தொடர்: “மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில், சரக்கு இருப்பின் மேலாண்மையில் காணப்படும் குறைபாடுகளின் காரணமாக நடைமுறை மூலதனத்தில் நெருக்கடி ஏற்படுவதற்கான வாய்ப்புகள் உள்ளதாக அறியப்படுகிறது.” இலக்கணப்பிழை இல்லை. மேற்கொண்டவர் யார், அறிபவர் யார், குறைபாடு யாது, நெருக்கடி எப்போது என்பன எவையும் இதில் இல்லை. இதனையே, “மூன்றாம் கடையின் பணம் விற்காத சரக்கில் முடங்கியுள்ளது. இந்நிலை நீடித்தால் ஜூன் மாத வாடகைக்குக் கையில் பணம் இராது” என எழுதியிருக்கலாம். இரண்டாம் வடிவத்தை எழுதுவதற்கு ஜூன் மாதம் என்று நாம் அறிந்திருக்க வேண்டும். முதல் வடிவத்திற்கு எதுவும் அறிந்திருக்க வேண்டியதில்லை. செயப்பாட்டு வினையும் தொழிற்பெயரும் பெருகும் இடங்களில் பெரும்பாலும் ஆலோசகரின் அறியாமை பதுங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுத்தின் கடினத்தை அளக்க வாய்பாடுகள் உள்ளன. இராபர்ட் கன்னிங் 1952இல் வெளியிட்ட ‘மூடுபனிக் குறியீடு’ தொடரின் நீளத்தையும் மூன்றும் அதற்கு மேற்பட்டுமுள்ள அசைகளைக் கொண்ட சொற்களின் விழுக்காட்டையும் கொண்டு கணக்கிடுகிறது. இதனைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முயல்வோர் உளர். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘கடைக்காரர்களுக்கு’ என்ற எளிய சொல்லே அவ்வளவையைக் கடந்துவிடும். இக்கணக்கின்படி நம் பாட்டிமார் பேச்சும் கடினமான நடையாகிவிடும். தமிழுக்கு அளவுகோல் வேண்டுமெனின், வினைமுற்றுக்கு முன் எத்தனை எச்சங்கள் அடுக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது பயன்தரலாம் என்பது நம் எண்ணம். மூன்றைக் கடந்தால் தொடரைப் பிரிக்கலாம்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நற்றமிழ்ச் சொற்களை ஆள வேண்டும் என்ற வேட்கை வலிமையானது. நாமும் அதற்கு உடன்பட்டவர்களே. ஆனால் கடைக்காரர் ‘சரக்கு’ என்று சொல்வதை அறிக்கை ‘பண்டகக் கையிருப்பு’ என்று எழுதுவதால் தமிழுக்கு ஆக்கம் இல்லை. சரக்கும் தமிழே, கடன் பாக்கி, கொள்முதல், கல்லா ஆகியவற்றை வாசகர் விளக்கமின்றி அறிவார். அவர் ‘ஓவர்டிராஃப்ட்’ என்று வங்கியில் கூறுவாரெனில், அறிக்கையில் அச்சொல்லை ஒருமுறை எழுதி, ‘கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க வங்கி தரும் இசைவு’ என விளக்கிவிட்டுச் செல்வதே முறை.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் துண்டாடலையும் நிலவுடைமையையும் கூட்டு முதலீட்டையும் தொழிலாளருக்கு விளக்க வேண்டியிருந்தது. நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளி என்ற அளவில் அம்முயற்சி தோட்டங்களில் எடுத்துரைக்கப்பட்டது. பால்மரம் வெட்டியவர்க்கு அது தம் சம்பளத்தில் எவ்வளவு என்பது உடனே தெரிந்தது. எண்ணை வாசகரின் கையளவுக்குக் கொண்டுவருதல் என்பது இதுவே.

எண்களும் தலைப்புகளும்

எண்களைப் பொறுத்தவரை நாம் விரித்துரைக்க விரும்பவில்லை. முதற்பக்கத்தில் மூன்று எண்களுக்கு மேல் நில்லா. சென்ட் வரை எழுதப்பட்ட தொகை துல்லியத்தைக் காட்டுவதாக எழுத்தாளர் கருதுகிறார். வாசகரோ எந்த இலக்கத்தைப் பார்ப்பது என்று தடுமாறுகிறார். முழுக்கணக்கு பின்னிணைப்பில் இருக்கட்டும்.

அட்டவணைக்கும் வரைபடத்திற்கும் இடும் தலைப்பு இதனினும் முதன்மையானது. ‘கிளைவாரி விற்பனை’ என்பது பொருளின் பெயர். கண்டறிந்த செய்தி அன்று. ‘மூன்று கடைகளுள் இரண்டே இலாபம் ஈட்டுகின்றன’ என்பது செய்தி. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் அறிக்கையின் வாதம் விளங்க வேண்டும் என்பது ஆலோசனைத் தொழிலில் வழங்கும் சோதனை. கொலம்பியா படவில்லையின் தலைப்பும் ஒரு செய்தியையே கூறியது என்பதை மறத்தல் ஆகாது. செய்தியாக இருந்தால் போதாது. கீழுள்ள தரவு அதனைத் தாங்க வேண்டும்.

கசப்பான செய்தியை எழுதுதல்

மேற்கூறியவற்றை எல்லாம் அறிந்த ஆலோசகரும் விடையை ஏன் மறைக்கிறார்? அச்சத்தினால். ஆங்கிலத்தில் எழுதும் ஆலோசகர் வழக்குக்கு அஞ்சுகிறார். நம் சூழலில் அதனோடு மற்றோர் அச்சமும் சேர்கிறது. வாரியத்தில் இருப்போர் வயதில் மூத்தோர், ஊரில் மதிப்புடையோர், மூன்றாம் கடையைத் திறக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் அவர்களுள் ஒருவர். அவர் முன்னிலையில் ‘அது தவறு’ என்று எழுதுவது எங்ஙனம்? அவ்விடத்தில் ‘மேற்கொள்ளப்பட்ட விரிவாக்கம்’ என்ற செயப்பாட்டு வினை துணைக்கு வருகிறது. தவறு நிகழ்கிறது, ஆனால் எவரும் செய்யவில்லை.

இம்மரியாதை உணர்வை நாம் எள்ளவில்லை. அதற்குரிய இடம் எழுத்து அன்று என்பதே நம் துணிபு. அறிக்கை வாரியத்திற்குச் செல்லுமுன் அப்பெரியவரை நேரில் கண்டு, “ஐயா, நாங்கள் இப்படித்தான் எழுதப்போகிறோம், உங்களுக்குத் தெரிந்து நாங்கள் காணாதது ஏதேனும் உண்டா?” என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேட்டால் இரு நன்மைகள். பலர் முன்னிலையில் அவர் அதிர்ச்சியடைய நேராது. உண்மையிலேயே நாம் காணாத ஒன்றை அவர் அறிந்திருக்கவும் கூடும். எழுதும்போதும் ஆளை விட்டுச் செயலையும் காலத்தையும் எழுதலாம்: ‘கடை திறந்தபோது அங்குப் பேரங்காடி இல்லை, இன்று இருக்கிறது.’ இதில் எவர்க்கும் இழுக்கு இல்லை, மழுப்பலும் இல்லை.

உறுதியின்மையை எழுதுவதும் இதனைச் சார்ந்ததே. ‘இருக்கலாம் எனத் தோன்றுகிறது’ என்னும் தொடரை எல்லா இடங்களிலும் தூவினால், மெய்யாகவே ஐயமுள்ள இடம் எது என்று வாசகர் அறியார். அறிந்ததை அறிந்தோம் என்றும், அறியாததை அறியோம் என்றும், எது தெரியவந்தால் பரிந்துரை மாறும் என்றும் பிரித்து எழுத வேண்டும். அறியாதது பெரிதெனின் அதற்குரிய இடமும் முதற்பக்கமே; 640 மடங்கு வேறுபாடு அடிவரிக்கு உரியதன்று.

இனி, ஒத்திவைப்பின் விளைவு. மூன்றாம் கடையின் வாடகை ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிவதாக இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னறிவிப்புத் தராவிடின் அது மேலும் ஈராண்டுக்குத் தானே நீளும். இச்செய்தி நம் அறிக்கையில் இருந்தது: 53ஆம் பக்கம், குத்தகை விவரங்களின் கீழ். அடுத்த கூட்டம் நவம்பரில் கூடியது. ஒப்பந்தம் நீண்டது. ஈராண்டு வாடகையும் இழப்பும் உறுப்பினர் சேமிப்பிலிருந்து சென்றன. கடை இறுதியில் மூடப்பட்டபோது மற்ற இரு கடைகளும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. முதலாண்டிலேயே மூடியிருந்தால் அங்கு இடம் பெற்றிருக்கக்கூடிய நால்வர் உட்பட ஊழியர் அறுவரும் வேலையிழந்தனர். சங்கத்தார் நம்மைக் குறைகூறவில்லை. எல்லாம் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது அல்லவா!

ஒரு முதற்பக்கம்

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998இல் எளிய ஆங்கிலக் கையேடு ஒன்றை வெளியிட்டபோது, முதலீட்டாளர் வாரன் பஃபெட் அதற்கு முன்னுரை வழங்கினார். தம் ஆண்டறிக்கையை எழுதுகையில் தம் சகோதரியர் இருவர்க்கு எழுதுவதாகக் கருதிக்கொள்வதாக அதில் அவர் குறிப்பிட்டார். அறிவுடையவர்கள், ஆனால் கணக்கியல் வல்லுநர் அல்லர். நமக்கு அத்தகைய வாசகர் கண்ணாடியைக் கழற்றி வைத்த அத்தலைவரே. அவர்க்கு அன்று நாம் தந்திருக்க வேண்டிய முதற்பக்கத்தை, மாணவர்க்குப் பயன்படும் பொருட்டு இங்கு எழுதுகிறோம். மீதி 61 பக்கங்கள் இதன்பின் பின்னிணைப்பாக இருந்திருக்கலாம்.

“இயக்குநர் வாரியத்திற்கு. மூன்றாம் கடையை இவ்வாண்டு டிசம்பரில் மூடுமாறு பரிந்துரைக்கிறோம். இக்கூட்டத்தில் வாரியம் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே: வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கட்டட உரிமையாளருக்கு அக்டோபர் இறுதிக்குள் எழுத்தில் அறிவித்தல். அறிவிக்கத் தவறினால் ஒப்பந்தம் ஈராண்டுக்கு நீளும். பேரங்காடி திறந்தபின் இக்கடை ஒரு மாதம்கூட இலாபம் காணவில்லை. இழப்பைச் சங்கம் உறுப்பினர் சேமிப்பிலிருந்து ஈடுசெய்து வருகிறது. விலையைக் குறைத்தும் கடைநேரத்தை நீட்டித்தும் பார்த்தாயிற்று, விற்பனை உயரவில்லை. ஊழியர் அறுவருள் நால்வர்க்கு மற்ற இரு கடைகளில் இப்போது இடம் உண்டு. இருவர்க்கு இல்லை, அவர்களிடம் தலைவரே நேரில் கூறுவது நன்று. வாடிக்கையாளரிடம் உள்ள கடன் பாக்கியில் எவ்வளவு திரும்பும் என்பதை நாங்கள் உறுதியாக அறியோம். அது முழுவதும் திரும்பினாலும் பரிந்துரை மாறாது.”